கம்பியில்லா வலையமைப்புக் குறியாக்கம்: வேலூர் - ஆம்பூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

வைஃபை திசைவிக்கும் அதனுடன் இணையும் கணினி, கைப்பேசி, கண்காணிப்புக் கேமரா முதலிய கருவிகளுக்கும் இடையே தரவு வானொலி அலைகளாகச் செல்கிறது. உரிய திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி அந்தத் தரவை மாற்றி அனுப்பும் முறையே கம்பியில்லா வலையமைப்புக் குறியாக்கம் ஆகும். கம்பிவழி இணைப்பில் செய்தியை ஒட்டுக்கேட்க விரும்புபவர் கம்பியைத் தேடி வர வேண்டும். கம்பியில்லா இணைப்பில் அந்தத் தேவை இல்லை. அலை சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு வேறுபாடுதான் 1997 முதல் இன்றுவரை நான்கு தலைமுறைக் குறியாக்க முறைகள் தோன்றக் காரணமாயிற்று.

தமிழ்நாட்டின் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள தோல் தொழில் வட்டாரம், இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள ஏற்ற இடமாகும். வெளிநாட்டு வாங்குநர்களோடு நாள்தோறும் தகவல் பரிமாற வேண்டிய ஏற்றுமதித் தொழில், கழிவுநீர் அளவைத் தானியங்கிக் கருவிகள் மூலம் அரசுக்கு அனுப்ப வேண்டிய சட்டக் கடமை, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கைப்பேசிகள் என மூன்றும் இங்கு ஒரே வளாகத்தில் சந்திக்கின்றன.

தோல் வட்டாரமும் தகவல் தொடர்பும்

ராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களே இவ்வட்டாரத்தின் முதன்மை மையங்கள். இவை அனைத்தும் முன்பு ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019இல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன.

தென்னிந்தியாவின் முதல் தொடருந்துப் பாதை 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டது. பின்னர் அது மேற்கே நீண்டு ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையை அடைந்தது. இருப்புப் பாதையும் தந்திக் கம்பியும் சேர்ந்தே வளர்ந்த காலம் அது. உலக வணிகத்தில் தந்தியை நம்பியிருந்தவர்கள் ஏ.பி.சி., பென்ட்லி போன்ற குறியீட்டு நூல்களைப் பயன்படுத்தினர். ஒரு முழு வாக்கியத்தை ஒற்றைச் சொல்லாகச் சுருக்கும் அந்நூல்களால் கட்டணம் குறைந்தது. ஆனால் அந்நூல்கள் கடையில் விற்கப்பட்டவை. எனவே நூலை வைத்திருந்த எவரும் தந்தியைப் படிக்கலாம். இரகசியம் காக்க விரும்பிய வணிகர்கள் தமக்கென்று தனிக் குறியீடுகளை வகுத்துக்கொண்டனர்.

நீண்ட காலம் இப்பகுதியிலிருந்து ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட அரைப்பக்குவத் தோல்களே பெருமளவில் ஏற்றுமதியாயின. சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1973இல் நடுவண் அரசு அரைப்பக்குவத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் முழுமை பெற்ற தோலும், காலணி மேற்பகுதியும், முழுக் காலணியும் இங்கு உருவாகத் தொடங்கின. இந்த மாற்றம் தகவலின் தன்மையையும் மாற்றியது. அரைப்பக்குவத் தோலை விற்பவரிடம் மறைக்க வேண்டியது விலை மட்டுமே. காலணி செய்பவரிடமோ அடுத்த பருவத்துக்கான வடிவமைப்பு, அளவு வரைபடம், நிற மாதிரி, வாங்குநர் பெயர், வங்கி விவரம் என மறைக்க வேண்டியவை பல.

துண்டுக்குள் பேசும் விலை

குறியாக்கத்தின் அடிப்படைக் கருத்து இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. வேலூருக்கு மேற்கே உள்ள பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டு போட்டு விலை பேசுவது பழைய வழக்கம். இருவரும் கைகோத்து, மேலே துண்டைப் போர்த்தி, விரல்களைத் தொட்டு விலையைச் சொல்லிக்கொள்வர். சுற்றி நிற்பவர் அனைவருக்கும் பேரம் நடப்பது தெரியும். எந்த விரல் எத்தனை முறை பிடிக்கப்பட்டது என்பது மட்டும் தெரியாது.

விரலுக்கு என்ன மதிப்பு என்பது எல்லாத் தரகர்களுக்கும் தெரிந்த பொதுவிதி. அதை மறைப்பதால் பயன் இல்லை. துண்டுக்கடியில் நடப்பதை மறைத்தால் போதும். முறை பொதுவாக இருக்கலாம், திறவுகோல் மட்டுமே இரகசியமாக இருக்க வேண்டும் என்ற இதே கருத்தை 1883இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் போர்க் குறியாக்கத்துக்கான நெறியாக எழுதினார். இன்றைய வைஃபை குறியாக்க முறைகள் அனைத்தும் வெளிப்படையாக அச்சிடப்பட்ட தரநிலைகளே. திசைவியில் இடும் கடவுச்சொல் ஒன்றே மறைவானது.

உரிமம் இன்றி ஓர் அலைவரிசை

1895இல் கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மிகக் குறுகிய அலைநீளம் கொண்ட வானொலி அலைகளைச் சுவர் கடந்து அனுப்பிக் காட்டினார். ஆயினும் இந்தியாவில் கம்பியில்லாக் கருவியை வைத்திருக்கும் உரிமை நெடுங்காலம் அரசின் கையில்தான் இருந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும், 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் உரிமமின்றி அத்தகைய கருவியை இயக்குவதைத் தடை செய்தன.

வைஃபை பரவுவதற்கு இந்தத் தடை தளர வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில் நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை, 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் குறைந்த ஆற்றலுடன் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதிக்கும் இவ்விலக்கு விரிவாக்கப்பட்டது. இன்று கடையில் வாங்கும் திசைவியை யாரிடமும் அனுமதி கேட்காமல் மாட்ட முடிவது இந்த அறிவிக்கைகளால்தான். அரசின் வாயிற்காவல் நீங்கியபோது, காவல் பொறுப்பு திசைவியின் உரிமையாளரிடம் வந்து சேர்ந்தது. அதைப் பலர் அப்போது உணரவில்லை.

முதல் பூட்டு: டபிள்யூ.இ.பி.

1997இல் ஐ.இ.இ.இ. 802.11 என்ற கம்பியில்லா வலையமைப்புத் தரநிலை வெளியானது. அதிலேயே டபிள்யூ.இ.பி. என்ற குறியாக்க முறையும் இடம்பெற்றது. 'கம்பிக்கு நிகரான தனிமை' என்பது அதன் பெயரின் பொருள். ரான் ரிவெஸ்ட் 1987இல் வடிவமைத்த ஆர்.சி.4 என்னும் முறையை அது பயன்படுத்தியது. திறவுகோலின் நீளம் 40 பிட். வலுவான குறியாக்கக் கருவிகளை அயல்நாடுகளுக்கு விற்க அமெரிக்கா அக்காலத்தில் விதித்திருந்த தடையே இந்தக் குறுகிய நீளத்துக்குக் காரணம். பின்னர் 104 பிட் வடிவமும் வந்தது.

இதே 40 பிட் எல்லை இந்திய விதிகளிலும் இருந்தது. இணையச் சேவை உரிம விதிமுறைகளின்படி 40 பிட்டுக்கு மேற்பட்ட குறியாக்கத்தைப் பயன்படுத்த முன் அனுமதி தேவைப்பட்டது. மறுபுறம், 2001 ஜூனில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட இணைய வங்கி வழிகாட்டுதல்கள் குறைந்தது 128 பிட் குறியாக்கத்தைப் பரிந்துரைத்தன. அரசின் ஒரு கை வலுவான பூட்டைக் கேட்க, இன்னொரு கை வலுவற்ற பூட்டை அனுமதித்த காலம் அது.

டபிள்யூ.இ.பி. முறையின் உண்மையான குறை திறவுகோலின் நீளத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு தரவுப் பொதியையும் மறைக்க, நிலையான திறவுகோலுடன் 24 பிட் நீளமுள்ள ஒரு தொடக்க எண் சேர்க்கப்பட்டது. 24 பிட்டில் 1,67,77,216 எண்களே உள்ளன. அவற்றைத் தோராயமாகத் தேர்ந்தெடுத்தால், சுமார் 5,000 பொதிகளுக்குள்ளேயே ஓர் எண் மீண்டும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஒரே எண் இருமுறை வந்தால் இரு செய்திகளும் ஒரே முகமூடியை அணிகின்றன. இரண்டையும் ஒப்பிட்டு முகமூடியைக் கழற்றிவிடலாம். பரபரப்பான அலுவலக வலையமைப்பில் 5,000 பொதிகள் சில நொடிகளில் கடந்துவிடும்.

2001இல் நிகிதா போரிசோவ், இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் ஆகியோர் இத்தகைய குறைகளை விளக்கினர். அதே ஆண்டில் ஸ்காட் ஃபுளூரர், இட்சிக் மான்டின், ஆதி ஷமீர் ஆகியோர் ஆர்.சி.4 பயன்படுத்தப்பட்ட விதத்தில் இருந்த பலவீனத்தைக் காட்டினர். பொதிகளைச் சேகரித்தால் திறவுகோலையே மீட்டெடுக்க முடியும் என்பது அதனால் வெளிப்பட்டது. 2007இல் எரிக் டெவ்ஸ், ரால்ஃப் பிலிப் வைன்மன், ஆந்திரெய் பிஷ்கின் ஆகியோர் 104 பிட் திறவுகோலையும் ஒரு நிமிடத்துக்குள் கண்டறியும் வழியை வெளியிட்டனர்.

இதன் விளைவு ஆய்வுக் கட்டுரைகளோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்னும் ஆடை, காலணி விற்பனை நிறுவனத்தின் வலையமைப்புக்குள் 2005இல் ஊடுருவியவர்கள் 2006 இறுதிவரை வாடிக்கையாளர் தரவைத் திருடினர். குறைந்தது 4 கோடியே 57 லட்சம் வங்கி அட்டைகளின் விவரங்கள் களவு போயின. கடைகளின் கம்பியில்லா வலையமைப்பு இன்னமும் டபிள்யூ.இ.பி. முறையையே பயன்படுத்தியது ஒரு முக்கியக் காரணம் என்று கனடாவின் தனியுரிமை ஆணையர் 2007இல் வெளியிட்ட அறிக்கை சுட்டியது. பூட்டு உடையக்கூடியது என்று தெரிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்த திருட்டு அது.

இரண்டாம், மூன்றாம் தலைமுறை

டபிள்யூ.இ.பி. உடைந்தபின், பழைய கருவிகளை எறிந்துவிடாமல் மென்பொருள் மாற்றத்தால் காப்பாற்றும் இடைக்கால ஏற்பாடாக 2003இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது. ஒவ்வொரு பொதிக்கும் வெவ்வேறு திறவுகோலைத் தரும் டி.கே.ஐ.பி. என்ற முறை அதில் இருந்தது. அடியில் ஓடியது அதே ஆர்.சி.4 தான்.

நிலையான தீர்வு 2004 ஜூனில் ஒப்புதல் பெற்ற 802.11ஐ திருத்தத்துடன் வந்தது. வணிகப் பெயராக அது டபிள்யூ.பி.ஏ.2 எனப்பட்டது. பெல்ஜிய அறிஞர்கள் யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் வடிவமைத்து, 2001இல் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்ட ஏ.இ.எஸ். குறியாக்கம் அதன் அடித்தளம். 2006 மார்ச் முதல், வைஃபை சான்று பெறும் எல்லாப் புதிய கருவிகளிலும் டபிள்யூ.பி.ஏ.2 கட்டாயமாயிற்று.

இதில் பயனர் தரும் கடவுச்சொல் நேரடியாகத் திறவுகோல் ஆவதில்லை. கடவுச்சொல்லும் வலையமைப்பின் பெயரும் சேர்த்து 4,096 முறை கணக்கிடப்பட்டு 256 பிட் திறவுகோல் பெறப்படுகிறது. பின்னர் கைப்பேசியும் திசைவியும் நான்கு செய்திகளைப் பரிமாறி, அந்த அமர்வுக்கு மட்டும் உரிய புதிய திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. கடவுச்சொல் ஒருபோதும் காற்றில் செல்வதில்லை.

வலையமைப்பின் பெயரும் கணக்கில் சேர்வதால், தொழிற்சாலையில் இட்ட பொதுப்பெயரை அப்படியே விடுவது ஆபத்து. அதிகம் புழங்கும் பெயர்களுக்கு எளிய கடவுச்சொற்களின் விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. தமிழ்ப் பயனருக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. வலையமைப்புப் பெயரின் எல்லை 32 பைட். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கிறது. 'ஆம்பூர்' என்ற பெயருக்கு 21 பைட் போதும். 'வாணியம்பாடி'க்கு 33 பைட் வேண்டும். ஒரு பைட் குறைவதால் அப்பெயரைத் தமிழில் முழுமையாக வைக்க முடியாது. டபிள்யூ.பி.ஏ.2 கடவுச்சொல்லிலோ ஆங்கில விசைப்பலகையின் எழுத்து, எண், குறி மட்டுமே 8 முதல் 63 வரை இடம்பெறலாம்.

2008: திறந்த திசைவிகள் செய்தியான ஆண்டு

இந்தியாவில் திசைவிக் குறியாக்கம் பொதுமக்கள் பேசும் பொருளானது 2008இல்தான். அவ்வாண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. வெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. விசாரணை நவி மும்பையில் வெளிநாட்டவர் ஒருவர் குடியிருந்த வீட்டுக்குச் சென்றது. அந்த வீட்டின் வைஃபையைப் பிறர் பயன்படுத்தி மின்னஞ்சலை அனுப்பியிருந்தனர். அடுத்த மாதம் மும்பைக் கல்லூரி ஒன்றின் வலையமைப்பிலிருந்தும், செப்டம்பர் 13 தில்லி குண்டுவெடிப்பின்போது மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்தும் இதே போன்ற மின்னஞ்சல்கள் சென்றன.

இணைய முகவரி திசைவியின் உரிமையாளரைத்தான் காட்டும்; அதன் வழியே அனுப்பியவரைக் காட்டாது. திறந்து கிடக்கும் திசைவியின் உரிமையாளர், தாம் செய்யாத குற்றத்துக்கு முதலில் விசாரிக்கப்படுபவர் ஆகிறார் என்ற உண்மை அப்போது நாடெங்கும் தெரியவந்தது. 2009 ஜனவரியில் மும்பைக் காவல்துறை, மடிக்கணினியுடன் தெருக்களில் சென்று பூட்டப்படாத வலையமைப்புகளைக் கண்டறியும் பணியைத் தொடங்கியது.

2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை சேவையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது குறித்த அறிவுறுத்தலை இணையச் சேவை நிறுவனங்களுக்கு அனுப்பியது. பொது இடங்களில் வைஃபை பெறுபவர் யார் என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்றது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண்ணை இட்டு உள்நுழையும் வழக்கம் இதிலிருந்து பரவியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 2009 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. இணையவழிப் பயங்கரவாதத்துக்கான 66எஃப் பிரிவு அதில் சேர்க்கப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடவுஎண் கேட்பது அடையாளம் காணும் ஏற்பாடு. அது குறியாக்கம் அன்று. தொடருந்து நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ கடவுஎண் இட்டு நுழைந்த பின்னும், அந்த வலையமைப்பு திறந்ததாகவே இருந்தால் காற்றில் செல்லும் பொதிகள் மறைக்கப்படுவதில்லை. வந்தவர் யார் என்று அரசுக்குத் தெரியும். வந்தவரின் பொதிகள் பக்கத்து இருக்கைக்காரருக்கும் எட்டும். திறந்த வலையமைப்பிலும் பொதிகளைக் குறியாக்கம் செய்யும் ஓ.டபிள்யூ.இ. என்ற முறைக்கு 2018இல்தான் சான்றளிப்புத் தொடங்கியது.

எளிமைக்குக் கொடுத்த விலை

நீளமான கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வதைத் தவிர்க்க, 2007 வாக்கில் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி வந்தது. திசைவியின் பொத்தானை அழுத்தியோ 8 இலக்க எண்ணை இட்டோ இணையலாம். 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள் இருக்க வேண்டும். ஆனால் திசைவி அந்த எண்ணை இரு பாதிகளாகச் சரிபார்த்தது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. எனவே முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000 என மொத்தம் 11,000 முயற்சிகளே போதும். 2011 டிசம்பரில் ஸ்டீஃபன் ஃபீபாக் இதை வெளியிட்டார். வலுவான டபிள்யூ.பி.ஏ.2 கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டைச் சன்னல் அது.

2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையே வைத்திருந்த கேமராக்களையும் திசைவிகளையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அது பயன்படுத்தியது 'அட்மின்', 'ரூட்' போன்ற அறுபதுக்கும் சற்று மேற்பட்ட பெயர் - கடவுச்சொல் இணைகளை மட்டுமே. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹூஃப், டபிள்யூ.பி.ஏ.2 முறையின் நான்கு செய்திப் பரிமாற்றத்திலேயே இருந்த ஒரு குறையைக் 'கிராக்' என்ற பெயரில் வெளியிட்டார். கருவிகளின் மென்பொருளைப் புதுப்பித்து அதைச் சரிசெய்ய முடிந்தது. புதுப்பிக்கப்படாத கருவிகளில் குறை அப்படியே தங்கியது.

2018இல் டபிள்யூ.பி.ஏ.3 அறிவிக்கப்பட்டது. 2020 ஜூலை முதல் சான்று பெறும் புதிய கருவிகளுக்கு அது கட்டாயமானது. இதன் எஸ்.ஏ.இ. என்ற கைகுலுக்கல் முறையில், காற்றில் பிடித்த பொதிகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க முடியாது. ஒவ்வொரு ஊகத்தையும் திசைவியிடமே நேரில் சோதிக்க வேண்டும். டபிள்யூ.பி.ஏ.2வில் அந்தத் தடை இல்லை.

கைப்பேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பது

அந்தத் தடை இல்லாததன் பொருளை, இந்தியக் கடைகளிலும் வீடுகளிலும் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தைக் கொண்டு அறியலாம். பலர் தம் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைக்கின்றனர். பத்து இலக்கம் என்பதால் அது வலுவாகத் தோன்றும். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குவதால் மொத்த வாய்ப்புகள் 400 கோடி. 2016இல் விற்பனைக்கு வந்த உயர்வகை வரைகலை அட்டை ஒன்று, டபிள்யூ.பி.ஏ.2 கடவுச்சொற்களை நொடிக்குச் சுமார் 4 லட்சம் என்ற வேகத்தில் சோதிக்கும். 400 கோடியையும் சோதித்து முடிக்க 10,000 நொடிகள், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. கடையின் பெயர்ப்பலகையிலேயே அந்த எண் எழுதப்பட்டிருந்தால் அந்த நேரமும் தேவையில்லை.

தோராயமாகத் தேர்ந்த 12 சிறிய ஆங்கில எழுத்துகளாலான கடவுச்சொல்லுக்கு அதே அட்டை எடுக்கும் காலம் 7,000 ஆண்டுகளுக்கு மேல். பூட்டின் வகை இரண்டிலும் ஒன்றே; திறவுகோல் மட்டுமே வேறு.

தொழிற்சாலை வளாகத்தில் குறியாக்கம்

தோல் வட்டாரத்தில் வலையமைப்பின் பாதுகாப்பு வணிகத்தோடு முடிவதில்லை. பாலாற்று மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கை நெறியும், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. 2014இல் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைப் பெருமாசுத் தொழில்களிலும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி, அளவீடுகளை இணையவழி அனுப்பப் பணித்தது.

இதனால் ஆற்றுநீர் பற்றிய சான்றும் இன்று மின்னணுத் தரவாக வலையமைப்பு வழியே செல்கிறது. அளவீட்டுக் கருவி அலுவலகத்தின் பொது வைஃபையில் எளிய கடவுச்சொல்லுடன் இணைக்கப்பட்டிருந்தால், அந்த எண்களை மாற்றும் வாய்ப்பு வெளியாருக்கும் உள்ளாருக்கும் திறக்கிறது. தரவு திரிந்தால் ஆலைக்கும் கேடு, ஆற்றங்கரையில் குடிநீரையும் பயிரையும் நம்பி வாழ்பவர்க்கும் கேடு. அதே வேளையில், குறியாக்கம் காப்பது கருவியிலிருந்து புறப்பட்ட எண்ணை மட்டுமே. தவறான இடத்தில் பொருத்திய கருவி உரைக்கும் பொய்யையும் அது அதே கவனத்தோடு காத்து அனுப்பும்.

காலணித் தொழிற்சாலைகளில் ஒரே கடவுச்சொல்லை அனைவரும் பகிர்வதிலும் சிக்கல் உண்டு. டபிள்யூ.பி.ஏ.2வில் பொதுக் கடவுச்சொல்லை அறிந்தவர், பிறர் இணையும் கணத்தின் செய்திகளைப் பிடித்தால் அவர்களின் பொதிகளையும் விரிக்க முடியும். வேலையை விட்டுச் சென்றவரும் கடவுச்சொல்லை உடன் எடுத்துச் செல்கிறார். இதற்காகவே ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் தரும் நிறுவன வகை அமைப்பு உள்ளது. ஒருவர் விலகினால் அவர் கணக்கை மட்டும் நீக்கலாம்.

ஏற்றுமதியாளரை அதிகம் பாதிக்கும் மோசடி ஒன்றை வைஃபை பூட்டால் தடுக்க இயலாது. மின்னஞ்சல் கணக்கைக் கைப்பற்றி, விலைப்பட்டியலில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி வாங்குநருக்கு அனுப்பும் மோசடி அது. திசைவிக்கு அப்பால் மின்னஞ்சல் செல்லும் நீண்ட வழியில் வைஃபை குறியாக்கம் இல்லை. அங்கு இரட்டைச் சரிபார்ப்பும், கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால் ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்பதுமே காவல்.

திசைவியை அமைக்கும் முறை

மேற்கண்ட நிகழ்வுகளின் பாடமே இன்றைய திசைவி அமைப்பு விதிகள்.

1. திசைவியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அதன் மேலாண்மை முகவரி இருக்கும். பெரும்பாலும் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1. அதை உலாவியில் இட்டு உள்நுழைந்தவுடன், மேலாண்மைக் கடவுச்சொல்லை முதலில் மாற்ற வேண்டும். இது வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறுபட்டதாக இருத்தல் நன்று. மிராய் தந்த பாடம் இது.

2. திசைவியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். 'கிராக்' போன்ற குறைகள் புதுப்பித்தலால் மட்டுமே தீரும்.

3. வலையமைப்புக்குத் தனிப்பெயர் இட வேண்டும். நிறுவனப் பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் ஆகியவற்றைத் தவிர்க்கலாம்.

4. பாதுகாப்பு வகையாக டபிள்யூ.பி.ஏ.3ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2 - டபிள்யூ.பி.ஏ.3 கலப்பு வகை, அதுவும் இல்லையெனில் ஏ.இ.எஸ். உடன் டபிள்யூ.பி.ஏ.2. டபிள்யூ.இ.பி., டி.கே.ஐ.பி. இரண்டையும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

5. கடவுச்சொல் 12 எழுத்துக்குக் குறையாமல், ஊகிக்க முடியாததாக அமைய வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவில் வைப்பது எளிது. பழமொழி, பாடல் அடி, ஊர்ப்பெயர் ஆகியவை எளிதில் ஊகிக்கப்படும்.

6. டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைக்க வேண்டும்.

7. விருந்தினருக்கும் கேமரா போன்ற கருவிகளுக்கும் தனித்தனி வலையமைப்புகளை இயக்க வேண்டும். கணக்கு அலுவலகக் கணினியும் வாயிற்காப்பாளரின் கேமராவும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டியதில்லை.

8. பணியாளர் மாறும்போது பொதுக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.

வலையமைப்புப் பெயரை மறைத்து வைப்பதும், குறிப்பிட்ட கருவிகளின் எண்களை மட்டும் அனுமதிப்பதும் பாதுகாப்பு எனப் பலர் கருதுகின்றனர். இரு விவரங்களுமே கருவி இணையும்போது குறியாக்கம் இன்றிக் காற்றில் செல்வதால், காத்திருப்பவர் அவற்றைப் பிடித்துவிடலாம். இவை குறியாக்கத்துக்கு மாற்று ஆகா.

முடிவுரை

1997இன் 40 பிட் பூட்டிலிருந்து 2018இன் எஸ்.ஏ.இ. வரையிலான வரலாற்றில் ஒவ்வொரு முறையும் குறை முதலில் ஆய்வாளரால் அறிவிக்கப்பட்டது; திருத்தமும் விரைவில் வந்தது. இழப்பு நேர்ந்ததோ பெரும்பாலும் திருத்தத்தை ஏற்காமல் பழைய அமைப்பிலேயே விட்ட இடங்களில். உடைந்த டபிள்யூ.இ.பி. பூட்டை நான்கு ஆண்டுகள் கழித்தும் வைத்திருந்த கடையும், குண்டுவெடிப்பு மின்னஞ்சலுக்கு வழிவிட்ட திசைவியும் அதற்குச் சான்று.

பொய்கைச் சந்தையில் தரகரின் தோளில் எப்போதும் துண்டு கிடக்கும். பேரம் தொடங்கும்போது அதைக் கையின்மேல் போடுவது அவருக்கு இயல்பான செயல். திசைவியை மாட்டும்போதே மேற்சொன்ன எட்டுப் படிகளையும் முடிப்பது அதே அளவு இயல்பாகும் வரை, தோல் வட்டாரத்தின் விலைப்பட்டியலும் பாலாற்றின் அளவீடும் பலர் பார்க்கும் வெளியில்தான் பயணம் செய்யும்.